செல்லக்கிளிக்குச் சொல்ல வேண்டியது

சௌரிராஜன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று அவர் மச்சினர் ராஜகுரு கேலி பண்ணுவார். அப்படிப்பட்ட மனுஷன் 2003 சித்திரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரே ஒரு வரி பேசினார். "பெட்டியில ஒரு குறையும் இல்லைங்க." அந்த வரி போய் விழுந்தது செல்லக்கிளி என்ற பச்சை உடம்புக்காரியின் தலையில். அன்றிலிருந்து அவளுக்கு ஊரில் 'புள்ளையச் சுட்டவ' என்று பேர்.

அது என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். மாதம் நிறையாமல், எடை குறைந்து பிறக்கிற குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டி. குழந்தையின் நெஞ்சில் சின்ன ஒயர் ஒன்றைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். அது சூட்டைப் பார்த்துச் சொல்லும். உடம்பு குளிர்ந்தால் படுக்கைக்கு அடியில் இருக்கிற ஹீட்டர் எரியும், போதுமென்றால் அணையும். வெளியூர்க் கம்பெனிகள் விற்கிற பெட்டி சின்ன ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுபடியாகாது. வில்லாபுரத்தில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் செய்துகொண்டிருந்த ராஜகுரு, நாமே செய்வோமே என்று இறங்கினார். தங்கை புருஷன் சௌரிராஜன் டிவி ரிப்பேர் கடையிலிருந்து படிப்படியாகப் படித்து, சிப்புக்குப் புரோகிராம் எழுதுகிற அளவுக்கு வந்திருந்தார். வீட்டில் இவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். கொட்டகைக்குள் பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் தமிழ்.

முதலில் செய்த இரண்டு பெட்டிகள் உசிலம்பட்டிக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்திய ஆஸ்பத்திரிக்கு, பழகிப் பார்க்க என்று போயின. அங்கேதான் செல்லக்கிளிக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் மதியம் ஹீட்டர் அணையவே இல்லை. குழந்தையின் முதுகிலிருந்து இடுப்பு வரை தோல் வெந்து போனது. நர்ஸ் பாண்டியம்மாள் ஓடிவந்தபோது பிள்ளை தாயின் கையில் இருந்தது, ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"பால் குடுக்கத் தூக்குனியா? ஒயர மாட்டாமயே திரும்பப் படுக்க வச்சுட்டியா?"

"இல்லக்கா. புள்ள கத்துச்சு, ஓடியாந்து தூக்குனேன். அப்பத்தான் ஒயரு கையோட வந்துச்சு."

யார் காதில் ஏறும்? நெஞ்சிலிருந்து ஒயர் கழன்றால் பெட்டி குழந்தையைக் குளிர்ந்துவிட்டதாக நினைத்து முழுச் சூடும் எரிக்கும். அது எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். மறுநாள் சௌரிராஜன் வந்து பெட்டியைப் பிரித்து மேய்ந்தார். அந்தப் பக்கம் எது பழுதானாலும் பழி கரண்ட் மேல் விழும். லோ வோல்டேஜ் என்று சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரிக்காரரும் தலையாட்டுவார், மெக்கானிக்கும் வீட்டுக்குப் போகலாம். இவர் அதையும் அளந்து பார்த்தார். அன்று கரண்ட் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பெட்டியில் குறை இல்லை, கரண்ட்டில் குறை இல்லை என்றால் மிச்சம் யார்? அவர் அந்த வரியைச் சொன்னபோது செல்லக்கிளியின் மாமியார் மலையம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் மருமகளைத் திரும்பிப் பார்த்த பார்வையை சௌரிராஜனும் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பிள்ளை பிழைத்துவிட்டது. தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

இனி அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். மனுஷன் எழுதுகிற புரோகிராமைச் சிப்புக்குப் புரிகிற கட்டளையாக மாற்றிக்கொடுக்கும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பேர். சௌரிராஜன் பயன்படுத்தியது உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று விட்டிருந்த ஒன்று. ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் அதற்குள் தனிப் பகுதி உண்டு, அதைப் போர்ட் என்பார்கள். எந்தப் போர்ட்டை எவ்வளவு நம்பலாம் என்று கையேட்டில் வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு 'நிலையானது' என்றிருக்கும். இவருடைய சிப்புக்கு, 'சோதனையில் உள்ளது, முக்கியமான வேலைக்கு வேண்டாம்' என்றிருந்தது. அதை எழுத ஆரம்பித்த வெளிநாட்டுக்காரர் பாதியில் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

அறக்கட்டளை எஞ்சினியர் கெட்டிக்காரர். கையேட்டை எடுத்துப் படித்துவிட்டு, "அவங்களே வேண்டாம்னு போட்டிருக்காங்களே சார். அது நிலையானதுன்னு மாறட்டும். எங்க ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் உங்க பெட்டியே எடுத்துக்கிறோம்" என்றார். நியாயமான பேச்சுத்தானே?

அன்றிலிருந்து சௌரிராஜன் அந்தப் போர்ட்டைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். பிழை பார்க்கிறது, திருத்துகிறது, அனுப்புகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆரப்பாளையம் போவார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். கையில் கொண்டுபோகிற ஃபிளாப்பியை மெஷினில் போடவிடுகிற ஒரே இடம் அதுதான். கீழே "உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி" என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். மேலே இவர், கம்பைலர் திட்டத்தை முன்னின்று கவனித்துக்கொண்ட ஹெல்கா என்ற ஜெர்மனிப் பெண்மணிக்கு, தன் அரைகுறை இங்கிலீஷில் மெயில் எழுதுவார். அந்தம்மாவைச் சும்மா சொல்லக் கூடாது. இவர் அனுப்பிய ஒவ்வொரு திருத்தத்தையும் வரி வரியாகப் படித்து, மரியாதையாகப் பதில் போடுவார்.

ஒரு போர்ட்டை 'நிலையானது' என்று உயர்த்த வேண்டுமென்றால் சோதனைப் புரோகிராம்கள் ஆயிரக்கணக்கில் தேற வேண்டும். அவற்றை நிஜச் சிப்பில் ஓட்டுவதில்லை. கம்ப்யூட்டருக்குள் சிப் மாதிரியே நடிக்கும் சிமுலேட்டரில் ஓட்டுவார்கள். இரண்டு வருஷம் மாரடித்து, 2005 ஆடியில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஹெல்கா மெயில் போட்டார்: அடுத்த வெளியீட்டில் உங்கள் போர்ட்டை உயர்த்துகிறோம், பராமரிப்பாளர் என்று உங்கள் பெயரைப் போடுகிறோம், மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

ராஜகுரு கொட்டகை முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார். "மாப்ள, சாதிச்சுட்டீங்க. எஞ்சினியருக்கு இன்னைக்கே போன் போடுறேன்!"

"வெள்ளிக்கிழமை ஆகட்டும் மச்சான்."

டிவி ரிப்பேர்க் காலத்துப் பழக்கம் ஒன்று அவரை விட்டுப் போகவே இல்லை. சரிசெய்த டிவியை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார். தட்டும்போது படம் ஆடாமல் இருந்தால்தான் கஸ்டமர் கைக்குப் போகும். சிமுலேட்டரை யாரும் தட்டவில்லை என்பது அவர் மனதை உறுத்தியது. நிஜச் சிப்பை ஒரு நொடிக்குள் பல தடவை டைமர் என்கிற உள்கடிகாரம் கூப்பிடும். செய்கிற கணக்கை அப்படியே நிறுத்திவிட்டுப் போய், அந்த வேலையை முடித்துத் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர வேண்டும். அரிசி அளக்கும்போது வாசலில் ஆள் கூப்பிட்டால் போய்விட்டு வந்து எத்தனையாவது படி என்று மறக்காமல் இருப்பதுபோலத்தான். சிமுலேட்டரில் அந்தக் கூப்பிடுதலே கிடையாது. சோதனைகளை நிஜச் சிப்பில் ஏற்றி, டைமரை ஓயாமல் கூப்பிட வைத்துத் திரும்ப ஓட்டினார்.

ஒன்றே ஒன்று தோற்றது. அதுவும் எப்போதாவது. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கின் நட்டநடுவில் டைமர் கூப்பிட்டால், திரும்பி வந்த சிப் கடன் வாங்கியதை மறந்துபோகிறது. பாதியில் விட்டுப்போன வெளிநாட்டுக்காரர் எழுதிய இடத்தில் ஒரு கட்டளை விட்டுப்போயிருந்தது. விடை எக்கச்சக்கமாகத் தப்பாகிவிடும்.

வேண்டிய சூட்டிலிருந்து உடம்புச் சூட்டைக் கழித்துப் பார்த்துத்தான் பெட்டியும் ஹீட்டரை எரித்தது, அணைத்தது. உசிலம்பட்டியிலிருந்து வந்த பழைய பெட்டி கொட்டகையில் ஒரு மூலையில் கிடந்தது. அதில் பழைய புரோகிராமையே ஏற்றினார். வெந்நீர்ப் பையைக் குழந்தை படுக்கிற இடத்தில் வைத்து, ஒயரைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரம். ஹீட்டர் எரிந்தது, அணையவில்லை. ஒருமுறை உள்ளே போன தப்புக் கணக்கு சரியாவதற்குள் பை தொடமுடியாமல் கொதித்தது. ஒயர் ஒட்டிய இடத்தில் ஒட்டியபடியே இருந்தது.

'புள்ள கத்துச்சு, ஓடியாந்து தூக்குனேன். அப்பத்தான் ஒயரு கையோட வந்துச்சு.' அந்தப் பெண் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. சௌரிராஜன் கையில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு அழுதார். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பயந்துபோய் ராஜகுருவைக் கூப்பிட்டார்கள்.

ராஜகுரு எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பத்துக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர். "மாப்ள, நம்ம புரோகிராம்ல அந்தக் கணக்கு நடக்கும்போது டைமரை வாயை மூடச் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. பழகிப் பாக்கக் குடுத்ததுல வெளிய இருக்கிற இன்னொரு பெட்டிய சர்வீஸ்னு சொல்லி இன்னைக்கே வண்டி அனுப்பி எடுத்துருவோம். போர்ட்டு உயரட்டும். கம்பைலர்ல அடுத்த தடவை சத்தமில்லாமத் திருத்திக்கங்க."

"வேற யாரு எந்த ஊர்ல இந்தச் சிப்ப எதுல வச்சிருக்கானோ மச்சான். நிலையானதுன்னு போட்டா நம்பிருவான்."

அன்றே ஆரப்பாளையம் போய் மெயில் போட்டார். உயர்த்த வேண்டாம், பிழை இருக்கிறது, காரணம் இது. ஹெல்கா நன்றி சொன்னார். 'சோதனையில் உள்ளது' என்பது அப்படியே நின்றது. அறக்கட்டளை காத்திருக்குமா? வேறு கம்பெனியிடம் போய்விட்டது. ராஜகுரு ஒரு வாரம் இவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் மிச்சமிருந்த பெட்டியையும் திரும்ப எடுத்துவந்து சேர்த்தார்.

இதுவரைக்கும் சௌரிராஜனை யாரும் குறை சொல்ல முடியாது. குறை இனிமேல்தான்.

மெயில் போட்டுவிட்டுப் படியிறங்கினால் எதிரே உசிலம்பட்டி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் செல்லக்கிளி வீட்டு வாசல். ஏறவில்லை. முதலில் திருத்திவிட்டுப் போவோம், வெறுங்கையோடு போய் என்ன சொல்வது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போலீஸ், கோர்ட்டு, பத்திரிகை என்று ராஜகுரு வேறு பயமுறுத்தியிருந்தார். அதுவும் ஒரு சாக்கு. உள்ளபடி சொன்னால், அந்த மாமியார் முகத்தைத் திரும்பப் பார்க்கத் தைரியமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே பஸ்ஸைப் பார்த்தார், ஒவ்வொரு ஞாயிறும் வில்லாபுரத்துக்கே திரும்பினார். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு.

திருத்தம் லேசில் முடியவில்லை. அந்த ஒரு கட்டளையைச் சேர்த்தால் வேறு இடம் உடைந்தது, அதை ஒட்டினால் இன்னொன்று. ஹெல்காவும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். நிஜச் சிப்பில் டைமரைக் கூப்பிட வைத்துச் சோதிக்கிற வழக்கத்தை எல்லாப் போர்ட்டுக்கும் விதியாகவே வைத்துவிட்டார்கள். 2006 தை பிறந்ததும் போர்ட் உயர்ந்தது. இந்தத் தடவை யாரும் அல்வா வாங்கவில்லை. அறிவிப்பில் உங்கள் போர்ட்டைப் பற்றி நாலு வரி நீங்களே எழுதிக்கொடுங்கள் என்று ஹெல்கா கேட்டிருந்தார். சௌரிராஜன் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்ததும், மனைவி நாகமணி காப்பியோடு வந்து என்னவென்று கேட்டாள். அவர் படித்துச் சொன்னார்: முந்தைய வெளியீடுகளில் இந்தச் சிப்புக்கு எப்போதாவது கணக்குத் தவறும். அப்போது உருவான கருவிகளை நம்ப வேண்டாம்.

"இது யார் யாருக்குப் போகும்?"

"உலகத்துல இத உபயோகிக்கிற எல்லாருக்கும்."

"அந்தப் பொண்ணுக்கு?"

அவர் எழுதிய தாளை மடித்தார். நாகமணி காப்பியை வைத்தாள். "எங்க அண்ணன் பயந்தான்னு நீங்களும் பயந்துட்டு இருந்தீங்க. ஆறு மாசமா ராத்திரி நீங்க தூங்காததைப் பாத்துட்டுத்தான் இருக்கேன். அவ எத்தனை வருஷமாத் தூங்கலையோ. நாளைக்குப் போயிட்டு வாங்க."

மறுநாள் போனார். உசிலம்பட்டியில் இறங்கி டவுன் பஸ் மாறி, விசாரித்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடித்தார். வழி கேட்டதற்கு ஒருவன், "யாரு, புள்ளையச் சுட்டவ வீடா? அந்தா, ஆட்டுக் கொட்டத்துக்கு அடுத்தது" என்று சர்வ சாதாரணமாகக் கை காட்டினான். அந்த வார்த்தையைத் தன் காதால் அன்றுதான் அவர் கேட்டார்.

வாசலில் மலையம்மாள் தட்டப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்காரர் என்றதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "என்ன சார், இம்புட்டுத் தூரம்?" சட்டையில்லாமல் விளையாடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் இவரைப் பார்த்ததும் ஓடினான். முதுகு தெரிந்தது. சௌரிராஜன் பார்வையை எடுத்துக்கொள்ளவில்லை, பார்த்தார்.

"செல்லக்கிளியக் கூப்பிடுங்கம்மா. உங்க ரெண்டு பேருக்கும் சொல்லணும்."

அவள் வந்து கதவோரம் நின்றாள். அவர் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. பெட்டியிலதான் குறை. நான் போட்ட கணக்கு எப்பவாச்சும் தப்பும், தப்புனா சூடு அணையாது. ஒயரு ஒட்டியிருந்தாலும் அணையாது. நானே வச்சுப் பாத்தேன். நீ அன்னைக்குச் சொன்னது அம்புட்டும் நிசம். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

மலையம்மாள் கையிலிருந்த பயறு சிதறியது. "அட பாவி மனுசா! இந்த வாயால இவளை நான் பேசாத பேச்சா? நல்லநாள் பெரியநாள்ல சனத்துக்கு முன்னால பேசியிருக்கேனேய்யா!" ஏசினாள், தலையில் அடித்துக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். செல்லக்கிளி மட்டும் அசையவில்லை.

"எனக்கே சந்தேகமாப் போச்சு சார்" என்றாள் கடைசியாக. "எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் ஒயர மாட்டாம விட்டுட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். கனவுலகூட நான் மாட்டாம விடுற மாதிரிதான் வரும்." பிறகு கேட்டாள். "இது எப்பத் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

"ஆடியில" என்றார்.

செல்லக்கிளி மெதுவாகத் தலையை ஆட்டினாள். "ஐப்பசியில எனக்குப் பொம்பளப்புள்ள பொறந்துச்சு சார்."

அவர் தன்னையறியாமல் வீட்டுக்குள் பார்த்தார். தொட்டில் இல்லை. கொடியில் குழந்தைத் துணி எதுவும் காயவில்லை.

"கையில வாங்கவே நடுங்குச்சு. இதையும் என்னமாச்சும் பண்ணிருவேன்னு பயம். எங்க நாத்தனாவுக்குப் புள்ள இல்ல, திருப்பூர்ல இருக்காக. முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட அன்னைக்கு அவுக மடியில போட்டுட்டேன். யாரும் சொல்லல சார், நானாத்தான் குடுத்தேன். நாளைக்கு அது என்னைய அத்தைன்னுதான் கூப்பிடும்."

மலையம்மாள் ஏசுவதை நிறுத்தியிருந்தாள். அவர்கள் வழக்கத்தில் சனத்தைக் கூட்டி மடியில் போட்ட பிள்ளை போட்டதுதான். பெற்றவள் திரும்பப் போய்க் கேட்பது கிடையாது, அதைவிடப் பெரிய அவமானம் வாங்கினவளுக்கும் கிடையாது. திருப்பூரில் இருப்பது மலையம்மாள் பெற்ற மகள். சேலை முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இப்பப் போயிக் கேட்டாக் குடுப்பாகளா சார்?" என்றாள் செல்லக்கிளி.

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதை அவளும் பார்த்தாள். பார்த்தும், பதிலுக்காக சௌரிராஜன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.